தோட்டத்தில் சோலார் போடலாமா? பேனல் விலை கேட்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

மதுரைப் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை. அதனாலேயே பலரும் கணக்கைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பேனல் விலை, பிறகு மானியம், கடைசியில் கிணறு. சோலார் கட்டுபடியாகுமா என்பதை வெயில் முடிவு செய்வதில்லை. இன்றைக்குத் தண்ணீர் இறைக்க எவ்வளவு செலவாகிறது, வருடத்தில் எத்தனை நாள் இறைக்கிறீர்கள் என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். பாதியிலேயே ‘வேண்டாம்’ என்று விடை வந்தால் மீதிப் படிகளுக்கு அலைய வேண்டியதில்லை.

தொடங்கும் முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கடந்த ஒரு வருடத்து இ.பி. பில் அல்லது டீசல் செலவு, 200 லிட்டர் டிரம், கைக்கடிகாரம், முடிச்சுப் போட்டு அளவு குறித்த நீளமான கயிறு, நோட்டு.

1. இப்போது கரண்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

தமிழ்நாட்டில் விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அந்த இணைப்பு உங்களிடம் இருந்தால், சோலார் பம்பு மிச்சப்படுத்தும் பணம் பூஜ்யம். விற்பவர் ‘கரண்ட் பில்லே வராது’ என்பார். உங்களுக்கு இப்போதும்தான் வருவதில்லை.

இலவச இணைப்பு இருந்தும் சோலாரை யோசிக்க ஒரே நியாயமான காரணம் நேரம். த்ரீ ஃபேஸ் இரவில் மட்டும் வருகிறது, அடிக்கடி ஃபியூஸ் போகிறது, லோ வோல்டேஜில் மோட்டார் காயில் எரிகிறது என்றால், அந்தத் தொந்தரவுக்கு ஒரு விலை போடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ரீவைண்டிங், இரவில் தண்ணீர் பாய்ச்ச ஆள் கூலி இரண்டையும் கூட்டினால் போதும். பெரும்பாலும் அந்தத் தொகை சிறியதாகவே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் சரியில்லை என்று மனு கொடுப்பது அதைவிட மலிவு.

டீசல் இன்ஜினில் இறைப்பவர் நிலை வேறு. 5 எச்.பி. இன்ஜின் மணிக்குச் சுமார் 1 லிட்டர் குடிக்கும். சோலார் மிக வேகமாகப் போட்ட பணத்தை எடுப்பது இங்கேதான்.

மூன்றாவது வகை, இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். இவர்கள் சோலாரைத் தட்கல் இணைப்போடு, அதாவது பணம் கட்டி முன்னதாக வாங்கும் இணைப்போடு ஒப்பிட வேண்டும். தட்கலில் இணைப்பு கொடுத்தபோது 5 எச்.பி.க்கு ரூ.2.5 லட்சம், 7.5 எச்.பி.க்கு ரூ.2.75 லட்சம், 10 எச்.பி.க்கு ரூ.3 லட்சம் என்று கட்டணம் வைத்திருந்தார்கள். தட்கல் இணைப்பில் மழைநாளிலும் மோட்டார் ஓடும். ஆனால் அது எப்போதும் திறந்திருக்கும் கதவு அல்ல.

நான்காவது, காசு கொடுத்துக் கரண்ட் வாங்கும் கோழிக்கொட்டகை, மரச்செக்கு, குளிர்பதன அறை போன்றவை. இவற்றுக்குப் பம்புக் கணக்கு பொருந்தாது. 7ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

2. கிணற்றை அளக்காமல் எச்.பி. பேச வேண்டாம்

பக்கத்துத் தோட்டத்தில் 7.5 எச்.பி. ஓடுகிறது என்பதற்காக நீங்களும் 7.5 கேட்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. நம் பகுதி கடினப்பாறை. வரப்பு தாண்டினால் ஊற்று மாறிவிடும்.

மூன்று அளவு தேவை. முதலாவது, மோட்டார் ஓடாதபோது தண்ணீர் நிற்கும் ஆழம். இரண்டாவது, தொடர்ந்து 3, 4 மணி நேரம் ஓட்டிய பிறகு இறங்கி நிற்கும் ஆழம். மூன்றாவது, அந்த நேரத்தில் கிடைக்கும் ஊற்று. 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். 60 வினாடி என்றால் நிமிடத்துக்கு 200 லிட்டர்.

மோட்டார் போட்ட பத்தாவது நிமிடத்தில் அளந்தால் கிணற்றில் அல்லது போரில் ஏற்கெனவே தேங்கி நின்ற தண்ணீரைத்தான் அளக்கிறீர்கள். அதேபோல் கார்த்திகை மழை முடிந்து அளந்த அளவை நம்பிப் பம்பு வாங்கினால், சித்திரையில் காற்றைத்தான் இறைக்கும். அளவு சித்திரை, வைகாசியில் எடுத்ததாக இருக்கட்டும்.

கம்ப்ரசர் வைத்து இறைக்கும் போர் என்றால் ஊற்று மிகக் குறைவு என்று பொருள். அதில் 5 எச்.பி. சோலார் சப்மெர்சிபிளை இறக்கினால் அரை மணி நேரத்தில் டிரை ரன் ஆகி (தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடி) நிற்கும். இப்படிப்பட்ட போருக்குச் சின்னப் பம்பும் ஒரு தொட்டியும்தான் வழி. காலையிலிருந்து மெதுவாக ஏற்றித் தொட்டியில் சேர்த்து, சாயங்காலம் மொத்தமாகப் பாய்ச்சலாம்.

பங்குக் கிணறா? இதை இப்போதே பேசி முடியுங்கள். கரண்ட் மோட்டாரில் ஆளுக்கு ஒரு முறை, இரவும் பகலும் பிரித்துக்கொள்ள முடியும். சோலாரில் பயனுள்ள நேரம் காலை 9 முதல் மாலை 4 வரைதான். உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்தில் வரும் தண்ணீர், காலை 8 மணிவாக்கில் இரண்டு மணி நேரம் ஓடி வருவதைவிட அதிகம். நேரத்தைச் சமமாகப் பிரித்தால் தண்ணீர் சமமாக வராது. பங்காளிகள் மணிக்கணக்குக்குப் பதில் நாள்கணக்கில் முறை வைத்துக்கொண்டால்தான் சண்டை வராது.

3. யூனிட்டை லிட்டராக மாற்றும் கணக்கு

எச்.பி. ஒரு பேச்சுக்குத்தான். தெரிய வேண்டியது ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பது.

ஒரு யூனிட் மின்சாரம் 3.67 லட்சம் லிட்டர் தண்ணீரை 1 மீட்டர் உயரம் தூக்கும். இது இயற்பியல், எந்தக் கம்பெனிக்கும் மாறாது. மோட்டார், பம்பு, டிரைவ் (பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) எல்லாவற்றிலும் போகும் நஷ்டத்தைக் கழித்தால் 40 சதவீதம் தேறும் என்று வையுங்கள். அப்போது ஒரு யூனிட்டுக்கு 1.47 லட்சம் லிட்டர். இதை மொத்த உயரத்தால் வகுத்தால் உங்கள் தோட்டத்தில் ஒரு யூனிட் தரும் லிட்டர் வரும்.

மொத்த உயரம் என்பது போர் ஆழம் அல்ல. 600 அடி போட்ட போரிலும் தண்ணீர் 150 அடியில் நின்றால் தூக்கும் உயரம் 150 அடிதான். ஓடும்போது இறங்கி நிற்கும் ஆழத்தோடு, குழாய் உராய்வுக்குச் சுமார் 10 சதவீதம், சொட்டுநீருக்கு 10 முதல் 15 மீட்டர், மேல்நிலைத் தொட்டி இருந்தால் அதன் உயரம் ஆகியவற்றைச் சேருங்கள்.

ஒரு உதாரணம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு போரில் ஓடும்போது தண்ணீர் 150 அடியில் நிற்கிறது. அது 46 மீட்டர். உராய்வுக்கு 4, சொட்டுநீருக்கு 10. மொத்தம் 60 மீட்டர். 1.47 லட்சத்தை 60ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 2,450 லிட்டர்.

5 எச்.பி. பம்புக்கு வழக்கமாக 4.8 கிலோவாட் பேனல். ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்றால் 19 யூனிட், அதாவது சுமார் 46,000 லிட்டர். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் கிலோவாட்டுக்கு 3 யூனிட் என்று வைத்தால் 35,000 லிட்டர். விளம்பரத்தில் வரும் எண் எப்போதும் தெளிவான பங்குனி வெயிலுக்கானது.

உச்சி வேளையில் இதே பம்பு நிமிடத்துக்குச் சுமார் 155 லிட்டர் கேட்கும். உங்கள் ஊற்று நிமிடத்துக்கு 100 லிட்டர்தான் என்றால் 5 எச்.பி. வீண், 3 எச்.பி. போதும்.

4. அந்தத் தண்ணீர் உங்கள் பயிருக்கு எட்டுமா?

ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த 40,000 லிட்டர் வேண்டும். அதாவது மேலே சொன்ன 5 எச்.பி. சோலார், ஒரு நாள் முழுக்க ஓடி ஒரு ஏக்கர் வயலை ஒரு விரல் கடைப் பருமன்கூட நனைக்காது. 60 மீட்டர் உயரம் தூக்கி இறைத்து நெல் போட நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடலாம்.

அதே 46,000 லிட்டர் தென்னைக்கு வேறு கதை. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். கோடையில் சொட்டுநீரில் மரத்துக்கு நாளுக்கு 80 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 5,600 லிட்டர். எட்டு ஏக்கர் ஓடும். அலங்காநல்லூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துத் தென்னை, மா, கொய்யாத் தோப்புகளுக்குச் சோலார் பொருந்துவது இதனால்தான். திருப்பரங்குன்றம் பக்கம் அரை ஏக்கர் மல்லி வைத்திருப்பவருக்கு 5 எச்.பி.யே அதிகம்.

வாய்க்கால் பாத்தியில் பாய்ச்சுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காலையிலும் மாலையிலும் தண்ணீர் மெலிசாக வரும். அது பாத்தியின் கடைமடையை எட்டுவதற்குள் மண் குடித்துவிடும். சொட்டுநீர் போடுங்கள், அல்லது தொட்டியில் சேர்த்துத் திறந்துவிடுங்கள். பேட்டரி பற்றி யாராவது பேசினால் கேட்டுக்கொள்ளாதீர்கள். பம்புக்குத் தொட்டிதான் பேட்டரி.

5. எத்தனை நாள் ஓடும்?

பேனல் வருடம் முழுக்க வெயில் வாங்கும். பம்பு ஓடாத நாளில் அந்த வெயில் வீண். பெரியாறு வாய்க்கால் பாசனம் உள்ள மேலூர், வாடிப்பட்டி வயல்களில் கிணறு ஓடுவது வாய்க்கால் அடைத்த நாட்களில் மட்டும். அங்கே கணக்கு இடிக்கும்.

ஒரு மாதிரி பாருங்கள். திறந்த கிணறு, மொத்த உயரம் 15 மீட்டர், இப்போது 5 எச்.பி. டீசல் இன்ஜின். யூனிட்டுக்கு 9,800 லிட்டர் வருவதால் 3 கிலோவாட் பேனலும் 3 எச்.பி. பம்புமே நாளுக்கு 1.17 லட்சம் லிட்டர் தரும். இன்ஜின் நாளுக்கு 4 மணி நேரம், வருடம் 120 நாள் ஓடினால் 480 லிட்டர் டீசல். லிட்டர் ரூ.92 என்று வைத்தால் சுமார் ரூ.44,000.

பம்புசெட்டின் விலை ரூ.2 லட்சம் என்று கொள்வோம் (உங்கள் கொட்டேஷன் எண்ணை இங்கே போடுங்கள்). மானியம் இல்லாவிட்டால் நாலரை வருடத்தில் பணம் திரும்பும். 60 சதவீத மானியத்தில் உங்கள் பங்கு ரூ.80,000, இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

அதே இன்ஜின் வருடம் 40 நாள்தான் ஓடுகிறது என்றால் மிச்சம் ரூ.14,700. மானியத்தோடு ஐந்தரை வருடம், மானியம் இல்லாமல் பதின்மூன்று வருடத்துக்கு மேல். பேனல் 25 வருடம் தாங்கும். டிரைவுக்கும் பம்புக்கும் அந்த ஆயுள் கிடையாது. நடுவில் அவற்றை ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும் என்று எழுதிக்கொண்டு கூட்டினால் இரண்டாவது கணக்கு தேறாது.

ஓடும் நாளைக் கூட்ட ஒரு வழி உண்டு. பம்பு ஓடாத நேரத்தில் தீவனம் நறுக்கும் இயந்திரம், மாவு மில் போன்றவற்றை இயக்கும் பொதுப் பயன்பாட்டு கன்ட்ரோலர்கள் வந்துவிட்டன. வாங்கும்போதே கேட்டால்தான் கிடைக்கும். பிறகு மாற்றுவது கூடுதல் செலவு.

6. இடம், நிழல், மண்

540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். 5 எச்.பி.க்கு 9 பேனல். நடக்க, கழுவ வழி விட்டு 450 சதுர அடி ஒதுக்குங்கள். தெற்குப் பார்த்து, சுமார் 10 டிகிரி சாய்வு. நம் அட்சரேகைக்கு அது போதும். அதற்கும் குறைத்தால் மழைத்தண்ணீரில் தூசி வழியாமல் கீழ் ஓரத்தில் சேறாகப் படியும்.

நம் ஊரில் சோலாருக்கு முதல் எதிரி தென்னை. பேனல்கள் வரிசையாக இணைக்கப்பட்டவை. ஒன்றில் மட்டை நிழல் விழுந்தாலும் வரிசை முழுக்கத் தடுமாறும். மார்கழியில் 60 அடி மரத்தின் நிழல் உச்சி வேளையில்கூட வடக்கே 40 அடி வரை நீளும். காலை 9 மணிக்கு வடமேற்கிலும் மாலை 3 மணிக்கு வடகிழக்கிலும் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே 14 அடி விழும். ஆக, தோப்புக்குத் தெற்கே இடம் பிடிப்பது நல்லது. மரம் இன்னும் வளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பேனல் போட்ட பிறகு மரம் வெட்டுவது யாருக்கும் மனசு வராத வேலை.

திருமங்கலம், கள்ளிக்குடி, சேடபட்டிக் கரிசலில் குழி ஆழம் முக்கியம். கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண் அது. வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே கான்கிரீட் நிற்காவிட்டால், இரண்டு மழைக்குள் தூண் சாய்ந்து பேனல் முறுக்கும். செம்மண்ணில் இந்தத் தொல்லை இல்லை. ஆடிக் காற்றுக்கு மட்டும் தூண் தாங்க வேண்டும்.

கல்குவாரி, செங்கல் சூளை, மண்சாலை பக்கத்தில் இருந்தால் வாரம் ஒரு தடவை கழுவ ஆள் வேண்டும். உப்புத் தண்ணீர் போரில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளைக் கறை ஏறும். அங்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எடுங்கள். எங்கே என்றாலும் விடியற்காலையில்தான், கண்ணாடி சுடும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது.

7. பம்பு அல்லாத லோடு

கொட்டகை மின்விசிறி, செக்கு, உலர்த்தி போன்ற பகல் வேலைக்கு, இ.பி. லைனோடு இணைந்த சோலார் நன்றாகப் பொருந்தும். பால் குளிரூட்டிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பால் வருவது அதிகாலையும் மாலையும்.

ஒரு கிலோவாட் இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட். பில்லில் யூனிட்டுக்கு ரூ.8 ஆகிறது என்றால் வருடத்துக்கு ரூ.11,500. கிலோவாட்டுக்கு ரூ.60,000 செலவு என்றால் ஐந்து வருடத்துக்குச் சற்று மேல். ஆனால் உற்பத்தி முழுவதையும் அங்கேயே பகலில் செலவழித்தால்தான் இந்தக் கணக்கு. லைனுக்குள் போகும் யூனிட்டுக்கு என்ன கொடுப்பார்கள், நெட்வொர்க் கட்டணம் (லைனைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) உண்டா என்பது உங்கள் கட்டண வகையைப் பொறுத்தது. பில்லில் அச்சாகியிருக்கும் கட்டண எண்ணோடு உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கரண்ட் போனால் இந்த வகை சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பவர் கட்டுக்குப் பயந்து சோலார் வாங்குபவர்களுக்கு இது கடைசியில்தான் தெரியவருகிறது.

தோட்டத்து வீட்டுக்கு வீட்டு இணைப்பு இருந்தால், 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2க்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். பம்பு மானியத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

8. மானியமும் காகிதமும்

சோலார் பம்பு மானியத்தை வேளாண்மைப் பொறியியல் துறை நடத்துகிறது. ஒன்றிய அரசின் பி.எம். குசும் திட்டத்தோடு மாநில அரசின் பங்கும் சேர்ந்து 60 சதவீதம். ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்கு அதற்கு மேலும் உண்டு. விண்ணப்பம் துறையின் உபகோட்ட அலுவலகத்தில்.

சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். அதிகம் இழுப்பது கூட்டுப் பட்டா. மற்ற பங்குதாரர்களின் சம்மதம் இல்லாமல் கோப்பு நகராது. உட்பிரிவு செய்ய வேண்டுமென்றால் அதை முதலில் தொடங்குங்கள்.

இலவச இணைப்புக்கு ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பவர்கள், சோலார் வாங்கினால் வரிசையில் தங்கள் இடம் என்ன ஆகும் என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடத்தின் மதிப்பு பம்பைவிடப் பெரிது.

குசும் பெயரில் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் கேட்கின்றன. உங்கள் பங்குத் தொகையைத் துறை சொன்ன பிறகு, துறை சொன்ன வழியில் மட்டும் கட்டுங்கள்.

9. கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

பேனல் வாட்டும் எச்.பி.யும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். ‘5 எச்.பி. சோலார் செட்’ என்று மட்டும் இருந்தால் பேனல் குறைவாக வரும்.

பழைய த்ரீ ஃபேஸ் மோட்டாரையே டிரைவ் வைத்து ஓட்டலாம் என்பார்கள். ஓட்டலாம், ஆனால் 415 வோல்ட் மோட்டாருக்கு பேனல் பக்கத்தில் சுமார் 560 வோல்ட் வேண்டும். 540 வாட் பேனல் ஒன்று ஓடும்போது 41 வோல்ட் தரும். 9 பேனல் போட்டால் 370தான். 14 வேண்டும். குறைத்துப் போட்டால் மோட்டார் முழு வேகம் எடுக்காது. வேகம் 70 சதவீதமானால் தூக்கும் உயரம் பாதியாகிவிடும். சத்தம் கேட்கும், தண்ணீர் வராது. செலவைக் குறைக்கப் பேனலைக் குறைத்த செட்டுகளில் அடிக்கடி வரும் புகார் இதுவே.

ஏப்ரல், மே வெயிலில் பேனல் 65 டிகிரி சூடாகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும் என்பதால் 14 சதவீதம் அதிலேயே போகும். தகரக் கூரையில் ஒட்டினாற்போல் போட்டால் இன்னும் கூடுதல். காற்றுப் போக இடைவெளி கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஓட்டை போட விடாதீர்கள்.

டிரை ரன் பாதுகாப்பு, சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் கருவி), இடிதாங்கி, தனித்தனி எர்த் குழிகள் எல்லாம் விலைக்குள்ளா என்று பாருங்கள். சித்திரை, வைகாசிக் கோடைமழை இடியில் முதலில் போவது டிரைவ் போர்டுதான்.

10. ஒப்படைக்கும் நாளில்

தெளிவான வெயில் நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு டிரம் நிரப்பி வினாடியை எழுதுங்கள். 12 மணி அளவு, 3ஆம் பகுதியில் போட்ட கணக்கைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் காரணம் கேளுங்கள். நிழல், உங்கள் உயரத்துக்குப் பொருந்தாத ஸ்டேஜ் (அடுக்கு) எண்ணிக்கை உள்ள பம்பு, தளர்ந்த இணைப்பு மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பேனல் பின்புறச் சீரியல் எண்களைப் போட்டோ எடுத்து உத்தரவாத அட்டையோடு ஒப்பிடுங்கள். மானியத்தில் வரும் பம்புக்கு 5 வருடப் பராமரிப்பு விலைக்குள் அடக்கம். சர்வீஸ் செய்பவரின் போன் எண்ணை அந்த இடத்திலேயே அடித்துப் பார்த்து, யாராவது எடுத்த பிறகு வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடுங்கள்.